முதல் கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்வது எப்படி: குழு நடத்துபவர்களுக்கு

மாடித்தோட்டத்துக்கான ஒரு ஃபேஸ்புக் குழுவையும், அதிலிருந்து கிளைத்த சில வாட்ஸ்அப் குழுக்களையும் மதுரையிலிருந்து நண்பர்களோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். வேறு குழு நடத்துகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "ஆள் நிறையச் சேருறாங்க அக்கா, ஆனா அதே இருபது முப்பது பேருதான் பேசுறாங்க. மத்தவங்களைப் பேச வைக்க என்ன செய்யறது?" போட்டி வைக்கலாமா, பரிசு கொடுக்கலாமா என்றும் கேட்பார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் உங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்ட முதல் கேள்விகளைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே வந்த முதல் பதிலை மட்டும் படியுங்கள்.

பல குழுக்களில் அது இப்படித்தான் இருக்கிறது. "மிளகாய் செடி இலை எல்லாம் சுருண்டு போச்சு, என்ன செய்யணும் சொல்லுங்க பிளீஸ்" என்று ஒருவர் கேட்கிறார். கூடவே மங்கலான ஒரு படம். கீழே ஒருவர், "இதுக்கு ஆயிரம் தடவை பதில் சொல்லியாச்சு." இன்னொருவர், "சர்ச் பண்ணத் தெரியாதா?" மூன்றாமவர், "இந்தப் படத்துல என்னத்தப் பாக்குறது?" அதற்கு நாலு பேர் சிரிப்புக் குறி போட்டிருப்பார்கள். மிளகாய்ச் செடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேட்டவர் சண்டைக்கு வரமாட்டார். போஸ்டை அழித்துவிட்டுப் போய்விடுவார். குழுவை விட்டு வெளியேறினாலாவது நமக்குத் தெரியும். பெரும்பாலானோர் வெளியேறுவதும் இல்லை, வாயைத் திறப்பதும் இல்லை. அந்தப் பக்கம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த இன்னும் பத்துப் பேர், தாங்களும் கேட்க நினைத்திருந்த கேள்வியை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். உறுப்பினர் எண்ணிக்கை ஏறுகிறது, பேசுகிறவர் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் காரணம் இங்கேதான் இருக்கிறது.

கடுமையாகப் பேசுவது யார்?

எங்கோ இருந்து வம்புக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களை நீக்குவது ஒரு நிமிட வேலை. புதியவர்களை விரட்டுவது பெரும்பாலும் குழுவின் பழைய ஆட்கள். ஆண்டுக்கணக்கில் இலவசமாகப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவர்கள். அவர்களைக் கெட்டவர்களாக நடத்தினால் குழுவும் போகும், அவர்கள் அறிவும் போகும்.

இது இன்று வந்த வியாதி இல்லை. வலைத்தளங்கள் பரவுவதற்கு முந்தைய தலைமுறையின் பெரிய கலந்துரையாடல் வலையான யூஸ்நெட்டில், ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் மாணவர்கள் வந்து குவிவார்கள். வழக்கம் தெரியாமல் கேட்டதையே கேட்பார்கள். ஓரிரு மாதத்தில் பழகிவிடுவார்கள். 1993-94 வாக்கில் ஏஓஎல் போன்ற, வீடுகளுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டதும் புதியவர்கள் வருவது நிற்கவே இல்லை. பழையவர்கள் சலித்துப்போய் அதற்கு 'முடியாத செப்டம்பர்' என்று பெயர் வைத்தார்கள். நமக்கு அது ஆடி. ஆடிப்பட்டம் நெருங்கினால் விதை வாங்கியவர்கள் எல்லாம் குழுவுக்கு வருவார்கள். 2020 பொதுமுடக்கத்தின்போது எல்லா மாதமும் ஆடியாகவே இருந்தது. வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் பெயின்ட் வாளியில் மண்ணை நிரப்பிவிட்டு எங்களிடம் வந்தார்கள். பதில் சொன்ன கைகள் மட்டும் கூடவில்லை.

ஆகவே வேலையைப் பழையவர்களின் சுமையைக் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள். 'மரியாதையாகப் பேசவும்' என்று அறிவிப்பு ஒட்டுவது அதற்கப்புறம்தான்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். மாடித்தோட்டத்தில் அவை பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது: இலை சுருட்டல், மாவுப்பூச்சி, பூ உதிர்வது, பூத்தும் காய்க்காதது, மண்கலவை, க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) அளவு, கீரை முளைக்காதது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் உங்களில் நன்றாகத் தெரிந்தவர் ஒரு தயார்ப் பதில் எழுதட்டும். அது கட்டுரையாக இருக்கக்கூடாது. படித்தவர் எழுந்துபோய்ச் செடியைப் பார்க்கும்படி இருக்க வேண்டும். எங்களிடம் இருக்கும் ஒன்று இது:

"வணக்கம். மிளகாய் இலை சுருள மூன்று காரணம் இருக்கலாம். இலையின் ஓரம் மேல்நோக்கி, படகு மாதிரி மடங்கியிருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி, கவிழ்த்துவைத்த படகு மாதிரி இருந்தால் சிலந்திப்பேன். இலையெல்லாம் சிறுத்து, செடியே வளராமல் குட்டையாக நின்றுவிட்டால் நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதைப் பிடுங்கிவிடுவது பக்கத்துச் செடிகளுக்கு நல்லது. முதல் இரண்டுக்கும், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை. இலையைத் திருப்பி அடிப்பக்கம் ஒரு படம் எடுத்துப் போட்டால் எது என்று சொல்லிவிடலாம்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். படம் சரியில்லை என்ற குறையும் அதில் இருக்கிறது, ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதாக வந்துவிட்டது. இந்த வாக்கியம் இல்லாத தயார்ப் பதிலை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

இவற்றை ஃபேஸ்புக்கில் மேலே பொருத்தி வையுங்கள். பதில் சொல்பவர்களின் போனிலும் இருக்கட்டும், எடுத்து ஒட்ட வசதியாக. ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும். வெறும் இணைப்பை எறிந்துவிட்டுப் போகக்கூடாது. "ஃபைல்ஸ்ல இருக்கு பாருங்க" என்பதும் கதவைச் சாத்துவதுதான். அவர் கேட்டதைப் படித்தோம் என்று தெரிகிற ஒரு வரியை முதலில் எழுதுங்கள்: "ராஜபாளையமா? இப்ப அங்க வெயில் அதிகம், இலைப்பேன் வர்ற நேரந்தான்." அதற்குக் கீழே தயார்ப் பதில். ஒரு வரி எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

வாசலில் என்ன கேட்பது

ஃபேஸ்புக் குழுவில் சேர வருபவரிடம் மூன்று கேள்வி வரை கேட்கலாம். பலர் அதைப் பரீட்சையாக வைக்கிறார்கள்: 'பஞ்சகவ்யத்தில் என்னென்ன சேரும்?' தெரிந்துகொள்ளத்தான் ஐயா வருகிறார்கள். எந்த ஊர், மாடியா தரையா பால்கனியா, இப்போது என்ன வளர்க்கிறீர்கள் அல்லது வளர்க்க ஆசை: இந்த மூன்றும் போதும். பதில்களை நீங்கள் குறித்துவைத்துக்கொண்டால், பிறகு அவர் கேள்வி கேட்கும்போது கைகொடுக்கும்.

விதிகள் பத்து வரை எழுத இடம் தருகிறார்கள் என்பதற்காகப் பத்தையும் நிரப்ப வேண்டாம். 'கூடாது, கூடாது, நீக்கப்படுவீர்கள்' என்று வாசலிலேயே மிரட்டினால் பயந்த சுபாவமுள்ளவர்கள்தான் ஒதுங்குவார்கள். வம்பு செய்பவர் விதியைப் படிப்பதே இல்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லுங்கள், கேள்வி கேட்பது எப்படி என்று: முழுச் செடியின் படம் ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, தொட்டியும் மண்ணும் தெரிய ஒன்று, ஊர், செடிக்கு எத்தனை நாள் வயசு, கடைசியாக என்ன ஊற்றினீர்கள். இவை இல்லாத கேள்வியை நிராகரிக்காதீர்கள். இல்லாதவற்றில் மிக முக்கியமான ஒன்றை மட்டும் திருப்பிக் கேளுங்கள். ஒரே மூச்சில் ஆறு கேள்வி கேட்டால் அது போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

வாட்ஸ்அப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம். சேர்க்காதீர்கள் என்றே சொல்வேன். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே புதியவரின் கேள்வி பத்து நிமிடத்தில் மேலே போய்விடும். மாவட்ட வாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்தால் விதை பரிமாறிக்கொள்ளவும் வசதி.

முதல் பதில்

இதுதான் இந்தக் குறிப்பின் உயிர். புதியவரின் முதல் கேள்விக்கு முதலில் யார் பேசுகிறாரோ, பின்னால் வருபவர்கள் பெரும்பாலும் அதே குரலில்தான் பேசுவார்கள். முதல் பதில் கிண்டலாக வந்தால் அடுத்தவரும் கிண்டலடிப்பார். முதல் பதில் அக்கறையாக வந்துவிட்டால், கிண்டலடிக்க நினைத்தவர் கையைக் கட்டிக்கொள்வார். அதனால் முதல் பதிலை தற்செயலுக்கு விடாதீர்கள். நிதானமாகப் பேசக்கூடிய ஏழெட்டுப் பேரைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் நிபுணர்களாக இருக்க வேண்டியதில்லை. காலை, மதியம், இரவு என்று நேரம் பிரித்துக்கொள்ளட்டும். புதிதாகச் சேர்ந்தவர் என்ற அடையாளத்தை ஃபேஸ்புக்கே பெயருக்குப் பக்கத்தில் காட்டும். அந்தப் பெயர்களை விடாமல் பார்ப்பதுதான் அவர்கள் வேலை.

அவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது மிகச் சாதாரணமான சில விஷயங்கள். எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழைப்பது; படத்தில் பையன் மாதிரி தெரிந்தாலும் 'நீ', 'தம்பி' வேண்டாம், அவர் அண்ணே என்று ஆரம்பித்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'இதுகூடத் தெரியாதா', 'அதான் அப்பவே', 'முதல்ல படிச்சுட்டு வாங்க' இவை வாயிலேயே வரக்கூடாது. தவறாக ஏதாவது செய்திருந்தால், செய்ததைச் சொல்லுங்கள், செய்தவரைச் சொல்லாதீர்கள். "தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னுட்டீங்க" என்றால் அவர் அடுத்த செடியை வைக்கவே மாட்டார். "வேர் மூச்சு விட முடியாம அழுகியிருக்கு, விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பார்த்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க" என்பதிலும் அதே செய்திதான் இருக்கிறது.

எழுத்துப் பிழையைத் திருத்துவது தமிழ்க் குழுக்களில் ஒரு பெரிய நோய். ஒருவர் 'மலை வந்தா செடி அலுகுது' என்று எழுதினால் என்ன கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிகிறது. ஆனாலும் "முதல்ல ல, ள, ழ கத்துக்கிட்டு வா" என்று ஒருவர் வந்துவிடுவார். தமிழ்ப்பற்று என்று அதற்குப் பெயர் வேறு. பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர், வெளிமாநிலத்தில் படித்துத் தமிழை வீட்டில் மட்டும் பேசியவர், போனில் தமிழ் விசைப்பலகை வைக்கத் தெரியாமல் 'sedi' என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர், எழுதவே வராமல் குரல் பதிவு அனுப்பும் பாட்டி, இவர்கள் எல்லோருக்கும் தோட்டம் உண்டு. சொல்லப்போனால் அந்தப் பாட்டிக்குத்தான் நம்மைவிட அதிகம் தெரியும். பிழையைத் திருத்தும் கமெண்டை நாங்கள் நீக்கிவிடுகிறோம். நாம் சரியாக எழுதிப் பதில் சொன்னால் போதும், பார்க்கப் பார்க்க அவர்களுக்கும் வந்துவிடும். குரல் பதிவு வந்தால் யாராவது ஒருவர் கேட்டு இரண்டு வரியில் எழுதிப்போடுவோம், மற்றவர்கள் பதில் சொல்ல வசதியாக.

பதிலே வராமல் கிடக்கும் கேள்வியையும் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் தூங்கப்போகும் முன் யாராவது ஒருவர் அன்றைய போஸ்ட்களை ஓட்டிப் பார்க்கட்டும். பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியல, தெரிஞ்சவங்களைக் கூப்பிடுறேன்" என்று எழுதி ஒருவரை டேக் செய்தாலே கேட்டவருக்கு உயிர் வரும்.

கடுஞ்சொல் விழுந்துவிட்டால்

வரிசை முக்கியம். முதலில் புதியவரின் கேள்விக்குப் பதில். சண்டையில் தலையிட்டு அட்மின் அதிகாரத்தைக் காட்டுவது பிறகு. அங்கே ஐம்பது கமெண்ட் நாகரிகம் பற்றி ஓடிக்கொண்டிருக்கும், அவருடைய சுரைக்கொடி அப்படியே கிடக்கும். "பூ வருது, காய் வரல" என்று அவர் கேட்டிருந்தால், "முதல்ல வர்றது ஆண்பூ, கவலைப்படாதீங்க. பூவுக்கு அடியில குட்டிச் சுரைக்காய் மாதிரி இருந்தா அது பெண்பூ. சுரை சாயங்காலம்தான் மலரும், அப்ப ஆண்பூவைப் பறிச்சு அதுல தொட்டுவிடுங்க" என்று எழுதுங்கள். அதற்கப்புறம் அவமதிப்பான கமெண்டை மறைக்கவோ நீக்கவோ செய்யுங்கள். கேள்வியை நீக்காதீர்கள், அது கேட்டவருக்கே தண்டனை கொடுத்த மாதிரி ஆகும். கூட்டம் சேர்ந்துவிட்டால், கமெண்ட்களின் வேகத்தைக் குறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

கடுமையாகப் பேசியவரிடம் பேசுவது தனியாகத்தான். பொதுவில் கண்டித்தால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் நாலு சொல் சேர்த்துச் சொல்வார். எழுதுவதைவிட போனில் பேசுவது நல்லது. குரலில் கோபமில்லை என்பது எழுத்தில் தெரியாது.

எங்கள் குழுவில் வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். பூச்சி விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு கட்டத்தில் அவர் பதில்கள் வரவர முள்ளாகிவிட்டன. "கூகுள் எதுக்கு இருக்கு?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டார். அன்று சாயங்காலம் அவருக்குப் போன் செய்தேன். "ஐயா, அந்தக் கமெண்டை எடுத்துட்டேன். உங்க பதில் இல்லாம எங்களால முடியாது, ஆனா இந்தப் பேச்சு இருந்தா புதுசா வர்றவங்க நிக்க மாட்டாங்க. என்ன ஐயா ஆச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "விடியக்காலையில எந்திரிச்சு ஒவ்வொருத்தருக்கா எழுதுறேன்மா. செடி பொழைச்சுதா செத்துச்சான்னு ஒரு ஆளாச்சும் திரும்பி வந்து சொல்லுதா?"

அந்த உரையாடலுக்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். சுலபமான கேள்விகள் அவர் கண்ணுக்கே போகாதபடி மற்றவர்கள் எடுத்துக்கொண்டோம். சிக்கலானவற்றுக்கு மட்டும் அவரை டேக் செய்கிறோம். கேள்வி கேட்டவர்களிடம், இரண்டு வாரம் கழித்து அதே போஸ்டின் கீழ் செடியின் படத்தைப் போடச் சொல்கிறோம். மறந்தால் நாங்களே நினைவூட்டுகிறோம். ஐயா இப்போதும் சுருக்கமாகத்தான் பேசுகிறார், ஆனால் யாரையும் குத்துவதில்லை.

எல்லோரிடமும் இது பலிக்காது. இரண்டு முறை தனியாகச் சொல்லியும் தொடர்ந்தால், சில நாட்களுக்கு எழுத முடியாதபடி நிறுத்திவையுங்கள், காரணத்தையும் எழுதி அனுப்புங்கள். அதற்கும் கேட்காவிட்டால் நீக்கத்தான் வேண்டும், அவர் எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும். இங்கேதான் பல அட்மின்கள் தடுமாறுகிறார்கள். "அவர் போயிட்டா குழுவுக்கே நஷ்டம்" என்பார்கள். அவரால் வாய் திறக்காமல் போனவர்களின் கணக்கை யாரும் எழுதிவைப்பதில்லை, அதனால் அந்த நஷ்டம் தெரிவதில்லை. லினக்ஸ் என்ற கணினி இயக்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸைவிடப் பெரிய நிபுணர் அவர் துறையில் யார்? அவரே 2018 செப்டம்பரில், தன் மின்னஞ்சல்களில் மற்றவர்களைத் தாக்கிப் பேசியதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் விலகியிருந்தார். அதே ஆண்டு ஏப்ரலில், நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் நிறுவனம், தங்கள் தளம் புதியவர்களுக்கு இணக்கமாக இல்லை என்று தானே எழுதி ஒப்புக்கொண்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுபவர்களின் எண்ணிக்கை 2007-இல் உச்சம் தொட்டுப் பின் பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே போனது. நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களைக்கூட உடனுக்குடன் அழித்ததும் அவர்கள் தங்காமல் போனதற்கு ஒரு காரணம் என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரிய இடங்களுக்கே அந்த நிலை.

சில விஷயங்களுக்கு எச்சரிக்கையும் வேண்டாம், போனும் வேண்டாம். கேள்வி கேட்ட பெண்ணின் இன்பாக்ஸுக்குப் போய் "ஹாய், தனியா பேசலாமா" என்பவர், ஊரைக் கேட்டுத் தெருவைக் கேட்டு ஜாதியைத் துருவுகிறவர், ஒருவரின் மதத்தையோ வீட்டையோ படத்தில் பார்த்து ஏளனம் செய்பவர், இவர்களை அந்த நிமிடமே வெளியேற்றுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் நீங்களே தனியாகப் போய், நீக்கிவிட்டோம் என்று சொல்லுங்கள். பெண் அட்மின்கள் இரண்டு பேராவது இல்லாத குழுவில் இந்தப் புகார்கள் வரவே வராது. அதைப் பார்த்து நம் குழுவில் பிரச்சினையே இல்லை என்று முடிவு கட்டிவிடக்கூடாது.

புதியவரே அதட்டலாக வந்தால்? "உடனே பதில் வேணும்" என்று மூன்று குழுவில் ஒட்டுபவர், நாற்று விளம்பரம் போட மட்டும் வருபவர் உண்டு. கேள்விக்கு ஒரு பதில், வழக்கம் என்ன என்று ஒரு வரி. திரும்பவும் செய்தால் அவருடைய போஸ்ட்களை அனுமதிக்குப் பிறகே வெளியாகும்படி வையுங்கள். விளம்பரத்துக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கிவிட்டால் பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

கடைசியாக, ஆட்களை மேலே கொண்டுவருவது. போன ஆடியில் கேள்வி கேட்டவர்களின் பெயர்களை இந்த ஆடிக்கு முன் எடுத்துப் பாருங்கள். அதில் திரும்பி வந்து படம் போட்டவர்கள் இருப்பார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேருக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, முதல் பதில் சொல்லும் வேலைக்குக் கூப்பிடுங்கள். கேட்கத் தயங்கியது எப்படி இருந்தது என்று அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. முதல் மாதம் பழையவர் ஒருவரைத் துணைக்கு வையுங்கள்; தவறான மருந்தளவு சொல்லிவிட்டால் கமெண்டில் திருத்தாமல், அவருக்கே சொல்லி அவரையே மாற்றி எழுதச் சொல்லுங்கள்.